பழசை விட முடியலைன்னு கேட்ட மார்த்தாண்டம் தம்பிக்கு

முதல்ல தம்பி கேட்டதை சுருக்கமா போட்டுடுறேன், வாசிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. வயசு 33. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வைக்க அப்பா அரை ஏக்கர் ரப்பர் தோட்டத்தை வித்து ஃபீஸ் கட்டியிருக்கார், மூணு பேப்பர் அரியரோட படிப்பு அப்படியே நின்னு போச்சு. அப்புறம் கல்ஃப் போறதுக்கு ஒரு ஏஜென்ட்கிட்ட பணம் குடுத்து அதுவும் போச்சு. இப்ப ஏழு வருஷமா மார்த்தாண்டத்துல ஒரு ஹார்டுவேர் கடையில வேலை. வீட்டுல சண்டை வந்தா அண்ணன் "ஒன்னால தான் தோட்டம் போச்சு"ன்னு சொல்லிடுறார், அப்பா இதுவரைக்கும் ஒரு வார்த்தை அதைப்பத்தி பேசினது இல்ல. கூட படிச்சவங்க பெங்களூர், துபாய்னு ஸ்டேட்டஸ் போட்டா அன்னைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது. "பழசை எல்லாம் மறந்துட்டு எனக்குள்ள இருக்கிற திறமைக்கு ஏத்த இடத்துக்கு எப்படி போறது?" இதான் கேள்வி.

தம்பி, நான் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல 25 வருஷமா கவுன்சிலிங் வேலை பார்க்கிறேன், முதல்ல குடியை விட வைக்கிற ஒரு மையத்துல, இப்ப காலேஜ் பிள்ளைகளோட. இந்தக் கேள்வியை நான் கேக்காத மாசம் இல்ல. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா வாசிங்க.

"மறந்துட்டு"ன்னு எழுதியிருக்கீங்கல்ல, அங்கேயே முதல் சிக்கல் இருக்கு. 1987-ல டேனியல் வெக்னர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை பண்ணினார். ஆட்களை உக்கார வச்சு அஞ்சு நிமிஷம் வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைப்பு வந்தா மணி அடிக்கணும்னு சொன்னார். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதைவிட முக்கியம் என்னன்னா, அப்புறம் "இப்ப தாராளமா நினைக்கலாம்"னு சொன்னப்ப, முதல்ல இருந்தே நினைக்கலாம்னு சொல்லப்பட்டவங்களைவிட இவங்களுக்கு கரடி ஜாஸ்தியா வந்துச்சு. நினைப்பை அமுக்கி வச்சா அமுங்காது, நேரம் பார்த்து மேல வரும். அதனால மறக்கணும்கிற வேலையை இன்னையோட நிறுத்திடுங்க, அது முடியாதது உங்க பலவீனம் இல்ல, மனசோட அமைப்பே அப்படித்தான்.

அப்ப எதைத்தான் பண்றது? எனக்க அப்பா அருமனை பக்கம் ரப்பர் பால்வெட்டுக்கு போனவர், அவர்கிட்ட பார்த்ததை சொல்றேன், ரப்பர் ஊர்க்காரர் உங்களுக்கு உடனே புரியும். ரப்பர் மரத்தை சுமாரா ஏழு வருஷம் வளர்த்து, நாலடி உயரத்துல சுத்தளவு 50 சென்டிமீட்டர் வந்த அப்புறம் தான் கத்தி வைப்பாங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு, மெல்லிசா சீவணும். தோலுக்கும் தடிக்கும் நடுவுல ஒரு படலம் இருக்கு, கத்தி அதுல படாம இருந்தா வெட்டின இடத்துல புதுத் தோல் சீரா வளரும், கொஞ்ச வருஷம் கழிச்சு அதே இடத்துல மறுபடி பால் எடுக்கலாம். ஆழமா பட்டுட்டா மரம் சாகாது, ஆனா வர்ற தோல் முண்டும் முடிச்சுமா வரும். ஆசைப்பட்டு தினமும் வெட்டுறவங்க மரத்துல கொஞ்ச காலத்துல பாலே நின்னு போயிடும். அப்பா அடுத்தவங்க தோட்டத்துல முடிச்சு விழுந்த மரத்தைப் பார்த்தா தடவிப் பார்த்துட்டு, "இதுக்கு வேற மருந்து ஒண்ணும் இல்ல மக்கா, கொஞ்ச காலம் கத்தி வைக்காம விடணும், அவ்வளவுதான்"னு சொல்லுவார்.

நீங்க 14 வருஷமா ஒரே இடத்துல தினமும் கத்தி வச்சுக்கிட்டு இருக்கீங்க. படிப்பு நின்னது ஒரு தடவை நடந்தது, ஏஜென்ட் ஏமாத்தினது ஒரு தடவை நடந்தது, மிச்சம் எல்லாம் ராத்திரி படுத்துக்கிட்டு நீங்களா வெட்டினது. இதை குறை சொல்றதுக்காக எழுதலை, வலியில இருக்கிற எல்லாரும் இதைத்தான் பண்றோம், ஏன்னா திரும்பத் திரும்ப யோசிச்சா ஒரு விடை கிடைச்சிடும்னு மனசு நம்புது. இதைப்பத்தி சூசன் நோலன்-ஹோக்சிமான்னு ஒரு அம்மா வாழ்நாள் பூரா ஆராய்ச்சி பண்ணினாங்க. 1989 அக்டோபர்ல கலிஃபோர்னியாவுல பெரிய பூகம்பம் வந்துச்சு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி தற்செயலா அவங்க மாணவர்கள்கிட்ட, மனசு சரியில்லாதப்ப நீங்க என்ன பண்ணுவீங்கன்னு கேட்டு எழுதி வாங்கி வச்சிருந்தாங்க. பூகம்பம் கழிஞ்சு ஏழு வாரம் ஆனப்பவும் யாருக்கு மனச்சோர்வு அதிகமா இருந்துச்சுன்னு பார்த்தா, முன்னாடியே "ஏன் எனக்கு இப்படி, ஏன் எனக்கு இப்படி"ன்னு உள்ளுக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு தான். குலுங்கின பூமி எல்லாருக்கும் ஒண்ணுதான்.

அந்த "ஏன்"ங்கிற கேள்வியில இன்னொரு பொய்யும் ஒளிஞ்சிருக்கு. "அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும், அந்த ஏஜென்ட் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்கணும்"னு எழுதியிருக்கீங்க. பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-ல ஒரு ஆய்வு வெளியிட்டார், 1814-ல பிரிட்டிஷ் படைக்கும் நேபாள கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டையைப் பத்தி ஒரு பக்கம் வாசிக்கக் குடுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு முடிவை "இதுதான் நடந்துச்சு"ன்னு சொன்னாங்க. யாருக்கு எந்த முடிவைச் சொன்னாங்களோ அவங்க அதைத்தான் "இது எப்படியும் நடந்திருக்கும், முன்னாடியே தெரியுது"ன்னு மதிப்பிட்டாங்க. முடிவு தெரிஞ்ச அப்புறம் பாதை நேரா தெரியும். 19 வயசுப் பையனுக்கு அந்த முடிவு தெரியாது. 33 வயசு ஆளோட அறிவை வச்சு 19 வயசுப் பையனை கூண்டுல ஏத்தி விசாரிக்கிறது நியாயமான விசாரணை இல்ல தம்பி.

இவ்வளவும் பொதுவா எல்லா கவுன்சிலரும் சொல்லுவாங்க. எனக்கு முக்கியமாப் படுறது வேற ஒண்ணு. அதைச் சொல்ல எனக்க பாட்டா, அதாவது தாத்தா, கதையைச் சொல்லணும்.

பாட்டா திருவிதாங்கூர் காலத்து கிளார்க், வேலை நெய்யாற்றின்கரையில, வீடு வயல் எல்லாம் விளவங்கோட்டுல. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சென்னை ராஜ்யத்தோட சேர்ந்துச்சு, நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் கேரளாவுலயே நின்னு போச்சு. அரசு வேலையில இருந்தவங்க இங்கயா அங்கயான்னு பிரிஞ்சாங்க. பாட்டா தமிழ்நாட்டோட சேரணும்கிற போராட்டத்துக்கு மனசார நின்னவர், சந்தோஷமாத்தான் இந்தப் பக்கம் வந்தார். ஆனா இங்க அவருக்கு பதவி உயர்வு சரியா வரலை, கூட வேலை பார்த்து அந்தப் பக்கம் தங்கின ஒருத்தர் தாசில்தார் ஆயிட்டார். அதுல இருந்து சாகுற வரைக்கும், 1987 வரைக்கும், பாட்டா பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் அங்கதான் போய் முடியும், "அந்தப் பக்கம் நின்னிருந்தா நானும் தாசில்தார் தான்".

இப்ப நான் சின்னப் பையனா பார்த்தது என்னன்னா, எங்க வீட்டு திண்ணையில ஞாயித்துக்கிழமை ஆனா ஆள் வந்து உக்காந்திருக்கும். நம்ம ஊர்ல பழைய பத்திரம் எல்லாம் மலையாளத்துல தானே, 56-க்கு அப்புறம் படிச்ச பிள்ளைகளுக்கு அது வாசிக்கத் தெரியாது, இங்க உள்ள ஆபீஸ்ல தமிழ்ல கேப்பாங்க. பாட்டா கண்ணாடியை மாட்டிக்கிட்டு அந்தப் பொடிப்பொடி எழுத்தை வாசிச்சு எல்லை, அளவு, யார் யாருக்கு எந்த பங்குன்னு தமிழ்ல எடுத்துச் சொல்லுவார். ஒரு தடவை ஒரு பிலா மரம் யாருக்குன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு வருஷக்கணக்கா பேசாம இருந்தாங்க, பாட்டா பத்திரத்தை வாசிச்சு வடக்கு எல்லை எதுன்னு காட்டின அன்னைக்கு ரெண்டு பேரும் எங்க வீட்டுலயே சாயா குடிச்சிட்டு சேர்ந்து நடந்து போனாங்க, எனக்கு அந்தக் காட்சி இன்னும் கண்ணுல இருக்கு. காசு வாங்க மாட்டார். கேட்டா "இது என்ன பெரிய வேலையா"ம்பார். அவர் போன அப்புறம் ரொம்ப வருஷம் ஆட்கள் பத்திரத்தை எடுத்துக்கிட்டு வந்து வாசல்ல நின்னு "பாட்டா இல்லையா"ன்னு கேட்டுட்டு திரும்பிப் போவாங்க.

அவருக்கு அவரோட திறமை நெய்யாற்றின்கரையிலயே விட்டுட்டு வந்த சாமான் மாதிரி தெரிஞ்சுச்சு. அது அவர் கையில தான் இருந்துச்சு, ரெண்டு பாஷையும் ரெண்டு சர்க்காரோட சட்டமும் தெரிஞ்ச ஆள் எல்லையில எத்தனை பேர் இருந்திருப்பாங்க? அந்தப் பக்கம் நின்னு தாசில்தார் ஆகியிருப்பார்னு அவர் நினைச்ச அந்த இன்னொரு பாட்டா இருக்கார்ல, அவர் ஒரு நாளும் பிறக்கவே இல்ல, ஆனா எங்க பாட்டா 30 வருஷம் அவரோட தான் குடித்தனம் நடத்தினார்.

உங்களுக்கும் அப்படி ஒருத்தர் இருக்கார் தம்பி. இன்ஜினியரிங் பாஸ் பண்ணி, பெங்களூர்ல ஃபிளாட் வாங்கி, அப்பாவுக்கு தோட்டத்தைத் திரும்ப வாங்கிக் குடுத்த ஒருத்தர். நீங்க "எனக்குள்ள இருக்கிற திறமை"ன்னு சொல்றப்ப அவரைத்தான் அளவுகோலா வச்சிருக்கீங்க. நீங்க கைவிட வேண்டியது அவரைத்தான்னு நான் சொல்லுவேன். நடந்தது பாட்டுக்கு கிடக்கட்டும், அதுகூட வாழ்ந்துடலாம்.

இந்த "ஆயிருப்பேன்" என்ன பண்ணும்கிறதுக்கு ஒரு ஆய்வு இருக்கு, கில்லோவிச்னு ஒருத்தரும் அவர்கூட ரெண்டு பேரும் 1995-ல வெளியிட்டது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ்ல மெடல் வாங்கினவங்க முகத்தை வீடியோவுல பார்த்து யாரு சந்தோஷமா இருக்காங்கன்னு மார்க் போடச் சொன்னாங்க. வெள்ளி வாங்கினவங்களைவிட வெண்கலம் வாங்கினவங்க முகம் மலர்ச்சியா இருந்துச்சு. ரெண்டாவது வந்தவர் கிடைக்காத தங்கத்தைப் பார்க்கிறார், மூணாவது வந்தவர் கழுத்துல கிடக்கிற மெடலைப் பார்க்கிறார். ஸ்டேட்டஸ் பார்த்துட்டு நீங்க தூங்காம கிடக்கிற ராத்திரி இதுதான் நடக்குது. கொஞ்ச மாசத்துக்கு அவங்க ஸ்டேட்டஸை மியூட் பண்ணி வைங்க, பொறாமைன்னு யாரும் நினைக்க மாட்டாங்க, அவங்களுக்கு தெரியவே தெரியாது.

இதை எப்படி கைவிடுறது? நம்ம பக்கம் ஒருத்தர் இறந்துட்டா பதினாறு நாள் கழிச்சு அடியந்திரம் வைக்கிறோம்ல. அது ஏன்னு நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். அதுவரைக்கும் அழலாம், அதுக்கு அப்புறம் அழக்கூடாதுன்னு இல்ல, ஆனா ஊரைக் கூட்டி சோறு போட்டு "ஆள் போயாச்சு"ன்னு எல்லாருக்கும் முன்னாடி ஒத்துக்கிறோம். போன படிப்புக்கு, போன பணத்துக்கு, வராம போன வாழ்க்கைக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அதனாலதான் அதுக்கு துக்கம் 14 வருஷமா ஓடுது, முடிச்சு வைக்க யாரும் இல்ல. நீங்களா தான் முடிச்சு வைக்கணும்.

அதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல வழி எழுதுறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர்ங்கிறவர் 1980-கள்ல ஆரம்பிச்ச முறை, 1986-ல முதல் ஆய்வு வந்துச்சு. நாலு நாள், தினம் 15 நிமிஷம், யாருக்கும் காட்டப் போறதில்லைன்னு நினைச்சு, நடந்ததையும் அப்ப மனசுல இருந்ததையும் சேர்த்து எழுதணும். எழுத்துப்பிழை, அழகு எதுவும் பார்க்க வேண்டாம். எழுதின அன்னைக்கு மனசு இன்னும் கனமாத்தான் இருக்கும், அந்த ஆய்வுலயும் அப்படித்தான் இருந்துச்சு, பயந்துட வேண்டாம். ஆனா அடுத்த மாசங்கள்ல அப்படி எழுதின மாணவர்கள் டாக்டர்கிட்ட போனது குறைஞ்சது. தலைக்குள்ள சுத்துறதுக்கும் பேப்பர்ல எழுதுறதுக்கும் என்ன வித்தியாசம்னா, தலைக்குள்ள அது வட்டம், பேப்பர்ல அதுக்கு ஒரு ஆரம்பமும் முடிவும் வந்துடும். மூணாவது நாள் அந்த பெங்களூர் ஆளைப்பத்தி எழுதுங்க, அவர் என்ன சட்டை போட்டிருக்கார், என்ன கார் வச்சிருக்கார்னு எல்லாம் எழுதுங்க. நாலாவது நாள் அவர் இல்லைன்னு எழுதுங்க. அழுகை வரும், வரட்டும். மூணாவது நாள் நாலாவது நாள் இப்படி பிரிச்சது பென்னிபேக்கர் இல்ல, நான் பிள்ளைகளோட பழகி சேர்த்துக்கிட்டது.

அடுத்தது அப்பா. அவர் பேசாம இருக்கிறதுதான் எல்லாத்தையும்விட வலிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. ஒருநாள் கடை இல்லாத நாளா பார்த்து அவர் பக்கத்துல உக்காந்து, "அப்பா, தோட்டத்தை வித்து படிக்க வச்சீங்க, நான் ஒழுங்கா படிக்கலை, அது எனக்க தப்பு"ன்னு அவ்வளவுதான் சொல்லணும். காலேஜ் சரியில்ல, வாத்தியார் சரியில்லைன்னு ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. மன்னிப்பு கேக்கிறது ஒரு தடவை தான். அதுக்கு அப்புறம் மனசுக்குள்ள தினமும் கேட்டுக்கிட்டு இருக்கிறது மன்னிப்பு இல்ல, தண்டனை. அப்பா என்ன பதில் சொல்றார்ங்கிறது அவர் இஷ்டம், ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு போனாலும் உங்க பக்கம் கணக்கு முடிஞ்சது. இது முடிஞ்ச அப்புறம் அண்ணன் அடுத்த தடவை "ஒன்னால தான்"னு ஆரம்பிச்சா "ஆமாண்ணே, அப்பாகிட்ட சொல்லிட்டேன்"னு சொல்லிட்டு நகர்ந்துடுங்க. அந்தச் சண்டைக்கு ரெண்டு பேர் வேணும்.

ஏஜென்ட் விஷயம் வேற. அவனை மனசுல இருந்து இறக்கி வைக்கிறதுக்கும் விட்டுக்கொடுக்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புறவங்க 1983-ஆம் வருஷ குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும், பதிவு இல்லாம பணம் வாங்கினா குற்றம். ரசீது, பேங்க் டிரான்ஸ்ஃபர் ஏதாவது இருந்தா போலீஸ்ல குடுங்க, ஒரு வக்கீலையும் பாருங்க. குடுக்க வேண்டிய இடத்துல குடுத்துட்டா அதுக்கு அப்புறம் ராத்திரி நீங்க அந்த கேஸை வாதாட வேண்டியதில்ல. குடுக்கலைன்னு முடிவு பண்ணினாலும் சரி, அதையும் ஒரு தேதி போட்டு எழுதி வச்சு முடிச்சிடுங்க. ரெண்டும் இல்லாம தொங்குறதுதான் ஆளைத் தின்னும். மாசிகாம்போ, பாமைஸ்டர்னு ரெண்டு பேர் 2011-ல காட்டினது இதுதான், முடியாத வேலை மனசை அரிச்சுக்கிட்டே இருக்கும், ஆனா அதை முடிக்கவே வேண்டியதில்ல, எப்ப எங்க எப்படி பண்ணப் போறோம்னு குறிப்பா ஒரு திட்டம் போட்டாலே அந்த அரிப்பு அடங்குது.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். நான் எழுதினது எல்லாம் தவறிப்போனது, இழந்தது இந்த மாதிரி பழசுக்கு. சின்ன வயசுல யாராவது தப்பா நடந்துக்கிட்டது, அடி உதை, கண்ணு முன்னாடி நடந்த சாவு இதெல்லாம் மனசுல இருந்து திடீர் திடீர்னு படம் மாதிரி வருதுன்னா, தனியா உக்காந்து எழுத வேண்டாம், அதுக்குன்னு பயிற்சி உள்ள மனநல மருத்துவர் இல்ல உளவியலாளர் கூட இருக்கணும். தூக்கமே இல்லாம, சாப்பாடு இறங்காம, செத்துப் போயிடலாமான்னு தோணினா 14416-க்கு அடிங்க. டெலி மானஸ்னு 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, காசு கிடையாது, ராத்திரி எத்தனை மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். தம்பி, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

கடைசியா, உங்க கேள்வியில ஒரு வரியை மேல நான் வேணும்னே விட்டுட்டேன். "கடையில பம்பு கேட்டு யாரு வந்தாலும், அருமனைக்காரரா இருந்தாலும் கேரளா பக்கம் பாறசாலைக்காரரா இருந்தாலும், முதலாளி என்கிட்டதான் அனுப்புவார், மத்தபடி சொல்ற மாதிரி வேலை இல்ல"ன்னு எழுதியிருக்கீங்க. அதை வாசிச்சப்ப எனக்கு பாட்டா திண்ணையில உக்காந்து "இது என்ன பெரிய வேலையா"ன்னு கேட்டதுதான் ஞாபகம் வந்துச்சு. கிணறு எத்தனை அடி, டேங்க் எவ்வளவு உயரத்துல இருக்கு, குழாய் எத்தனை இடத்துல வளையுது, குழாய் ஒல்லியா இருந்தா உராய்வுல எவ்வளவு போகும், மேல வைக்கிற மோட்டார் ஏழெட்டு மீட்டருக்கு கீழ இருக்கிற தண்ணியை உறிஞ்சாதுன்னு எல்லாம் பார்த்து, தமிழ்லயும் மலையாளத்துலயும் விளக்கி, மலைச்சரிவுல வீடு கட்டினவங்களுக்கு தண்ணி ஏத்திக் குடுக்கிறீங்க. மிச்சம் கிடக்கிற மூணு பேப்பர்ல ஒண்ணு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்னும் நீங்களே எழுதியிருக்கீங்க.

ஒரு நோட்டு வாங்குங்க. நாளைக்கு பம்பு கேட்டு வர்ற முதல் ஆளோட கிணத்து ஆழம், டேங்க் உயரம், நீங்க எடுத்துக் குடுத்த பம்பு, ஏன் அதைக் குடுத்தீங்க, எல்லாம் எழுதுங்க, அடுத்த ஆளுக்கும் எழுதுங்க. பழைய அரியர் உள்ளவங்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் முன்னாடி சிறப்பு வாய்ப்பு அறிவிச்சது உண்டு, உங்க வருஷத்துக்கு இப்ப என்ன நிலைமைன்னு திங்கக்கிழமை காலையில காலேஜ் ஆபீஸுக்கு போன் போட்டு கேளுங்க. வழி இருந்தா எழுதுங்க, இல்லைன்னு சொன்னாலும் நோட்டை நிறுத்தாதீங்க. ஒரு நாப்பது கிணறு எழுதின அப்புறம் எனக்கு மறுபடி எழுதுங்க, அப்ப அடுத்து என்ன பண்ணலாம்னு அந்த நோட்டை வச்சே பேசுவோம்.